பாடகருக்கு வாசிக்கும் இயந்திரம்



இசைத் துறையில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் ஒரு வாக்கேயக்காரரைப் பற்றியோ ஒரு ராகத்தைப் பற்றியோ கேட்கப்போகிறோம் என்று வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது டிரம் மெஷின். ஒரு பாட்டைக் கொடுத்தால் அதன் வேகத்தைத் தானே கண்டு, அதற்கேற்ற தாளக்கட்டைத் தேர்ந்து, பாட்டோடு ஒட்டி வாசிக்கும் திறனைச் செயற்கை நுண்ணறிவு இந்த இயந்திரத்துக்கு இப்போது தந்துகொண்டிருக்கிறது. இங்கே தாளவாத்தியம் பயிலும் மாணவர்கள் தொழிலுக்கு வரும்போது பல ஒலிப்பதிவுக் கூடங்களில் இது அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்தப் பொருளைத் தேர்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரம் மெஷின் வந்த நாளிலிருந்து பாடுகிறவர்தான் அதற்கு அடங்கிப் பாடிவருகிறார். அது ஓடும்; அவர் அதன்மேல் பாடுவார். செயற்கை நுண்ணறிவால் அந்த முறையை மாற்ற முடியும். இயந்திரத்தைப் பாடகருக்கு அடங்கவைக்க முடியும். அப்படிச் செய்தால்தான் அதற்கு இசையில் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இன்று நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தத் திசையில் போகவில்லை. ஏன் போகவில்லை, போகவைக்க இந்தத் துறை என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைடுமேன்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாகச் செய்யப்பட்டது அது. உள்ளே மோட்டாரில் இயங்கும் ஒரு வட்டு, அதில் வளையமாகப் பதித்த மின் தொடுமுனைகள். ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு வால்வுச் சுற்று டிரம்மின் ஒலியை எழுப்பும். வால்ட்ஸ், டேங்கோ என்று நடனத்தின் பெயரைச் சொல்லி ஒரு தாளத்தைத் தேர்ந்து, வேகத்தை ஒரு குமிழால் சரிசெய்துவிட்டு, அதற்குமேல் வாசிக்க வேண்டியதுதான். அந்தப் பெட்டிக்கு வாய் இருந்தது, காது இல்லை. வாசிப்பவர் ஒரு சங்கதியை நீட்டினாலும் மூச்சு வாங்க நின்றாலும் வட்டு நிற்காது.

அடுத்து வந்தவை எல்லாம் அந்த வாயை அழகுபடுத்தியவையே. ஒசாகாவில் பிறந்த இக்குதாரோ காகேஹாஷி தம் ஏஸ் டோன் நிறுவனத்தின் வழியாக 1967இல் டிரான்சிஸ்டரில் இயங்கும் 'ரிதம் ஏஸ்' எஃப்ஆர்-1ஐ வெளியிட்டார். அதில் ஆயத்தமாக 16 தாளங்கள் இருந்தன. 1972இல் அவரே ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் ரோலண்டின் டிஆர்-808 வந்தது. அதன் ஒலியில் கேட்கும் ஒருவகைச் சீறல், குறையுள்ளவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பொருத்தியதால் கிடைத்தது. குறைக்கடத்தித் தொழில் முன்னேறி அப்படிப்பட்டவை கிடைக்காமல் போனதும், சுமார் 12,000 கருவிகளோடு 1983இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதே 1980இல் ரோஜர் லின் என்ற கலிஃபோர்னியப் பொறியாளர் எல்எம்-1ஐக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்மை அடித்துப் பதிவுசெய்த ஒலியைச் சில்லுகளில் அடைத்து வாசிக்கச் செய்த முதல் டிரம் மெஷின் அதுதான். விலை சுமார் 5,000 டாலர். விற்றவை சில நூறு மட்டுமே என்றாலும் 1980களின் மேற்கத்தியப் பாட்டுகள் பல அந்த ஒலியில் நனைந்திருக்கின்றன.

நம் நாட்டிலும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1982இல் மும்பையின் சரண்ஜித் சிங், டிஆர்-808ஐயும் வேறு இரண்டு ரோலண்ட் கருவிகளையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று கேட்பார் இல்லை. 2010இல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தமிழ்த் திரையிசையில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். வீட்டில் சாதகம் செய்வோருக்குப் பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புராவும் தபலா வாசிக்கும் பெட்டியும் பழக்கமானவை.

இவற்றால் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தனியாகச் சாதகம் செய்யும் ஒரு மாணவிக்கு நள்ளிரவிலும் சலிக்காமல் தாளம் போடும் துணை சாதாரண உதவி இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்த மாற்றத்தை யோசியுங்கள். முன்பு பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தார்கள். சரணத்தில் பாட்டு லேசாக முந்தும். பல்லவிக்குத் திரும்பும்போது அமரும். பிறகு முதலில் காலம் காட்டும் 'கிளிக்' ஒலி, அதன்மேல் தாளம், அதன்மேல் மற்ற வாத்தியங்கள், கடைசியில் பாடகர் என்று வரிசை மாறியது. பாடகர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே முடிந்துபோன தாளத்துக்குள் தம் குரலைப் பொருத்துகிறார். தாளம் அவருடைய குரலைக் கேட்டதே இல்லை.

இந்த இயந்திரத்தை வளைக்கப் போராடியவர்கள் இருந்தார்கள். 1971இல் அமெரிக்கப் பாடகர் ஸ்லை ஸ்டோன் ஒரு தாளப் பெட்டியில் இருந்த ஆயத்தத் தாளத்தை அடியில் ஓடவிட்டு, கிதாரையும் குரலையும் அதற்கு இணங்காமல் தளர்த்தி வைத்து 'ஃபேமிலி அஃபேர்' பாட்டைச் செய்தார். அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. ரோஜர் லின் எல்எம்-1இல் இரண்டு வசதிகளை வைத்தார். ஒன்று, விரல் தவறித் தட்டிய அடியை மிக அருகிலுள்ள சரியான இடத்துக்கு இழுத்து வைப்பது. மற்றது, இரட்டைப்படை அடிகளைச் சற்றே தாமதமாக்கும் 'ஸ்விங்'. 50 விழுக்காடு என்றால் அடிகள் சமமாக விழும். 66 என்றால் திஸ்ர நடையின் சாயல் வந்துவிடும். இடையிலுள்ள எண்களில்தான் பாட்டின் உயிர் இருந்தது. டெட்ராய்ட்டின் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா எல்லா அடியையும் அந்த முதல் வசதியின் இழுப்புக்கு விட்டுவிடவில்லை. அடி முந்தியும் பிந்தியும் விழுந்தது. அந்தத் தள்ளாட்டம் ஒரு தலைமுறை டிரம்மர்களின் கையையே மாற்றியது. 2006இல் இளம் வயதிலேயே மறைந்த அவருடைய எம்பிசி என்ற டிரம் பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்விங் குமிழைப் பற்றி ஒரு செய்தி. ஜாஸ் டிரம்மர்களின் பதிவுகளை அளந்து ஃப்ரிபர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட அடிக்கும் குறுகிய அடிக்கும் உள்ள விகிதம் மெதுவான பாட்டில் 3.5க்கு 1 வரை போகிறது, வேகம் கூடக் கூட ஏறத்தாழ 1க்கு 1 என்று சமமாகிவிடுகிறது. ஆக, எந்த வேகத்துக்கும் ஒரே குமிழ், ஒரே எண் என்பது மனிதர் வாசிக்கும் முறையே இல்லை. கை பாட்டைக் கேட்டு மாறுகிறது. குமிழ் மாறாது.

நம் மெல்லிசை மேடைகளில் இதற்கு ஒரு விடை வெகுநாட்களாகவே இருக்கிறது. ரோலண்ட் 1985இல் கொண்டுவந்த ஆக்டோபேட் என்னும் கருவியைக் குச்சியால் வாசிக்கும் ரிதம் பேட் கலைஞரைச் சொல்கிறேன். ஒலி இயந்திரத்தினுடையது; நேரம் மனிதருடையது. பாடகர் அனுபல்லவியில் ஒரு சொல்லை நீட்டினால் அவர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார். தாளம் பாட்டைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவிலேயே சான்று கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். பாட்டோடு தாளத்தைப் பொருத்த வேண்டுமென்றால் முதலில் பாட்டில் தட்டு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பானில் மசாதகா கோதோ என்ற ஆய்வாளர் 1990களிலேயே இதில் இறங்கினார். 2007இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டான் எல்லிஸ் எழுதிய எளிய வழிமுறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பிறகு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் செபாஸ்டியன் போக் முதலானோர் நரம்பு வலையமைப்பைக் கொண்டு இதைச் செய்தார்கள். அவர்கள் உருவாக்கிய 'மேட்மாம்' என்ற மென்பொருள் பாட்டை விநாடிக்கு 100 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று பார்க்கிறது. மனிதர்கள் கையால் தட்டிக் குறித்துவைத்த பாடல்களில் பழகிய வலையமைப்பு, இந்தத் துண்டில் தட்டு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணைத் தருகிறது. இரண்டாவது அடுக்கு, வேகம் திடீரென்று தாவாது என்ற நம்பிக்கையில் அந்த எண்களைக் கோத்து ஒரு சீரான வரிசையாக்குகிறது.

இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? மேற்கத்திய பாப் பாட்டுக்கு மிக நன்றாக. ஆனால் இந்த 'நன்றாக' எப்படி அளக்கப்படுகிறது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். மனிதர் குறித்த இடத்துக்கு முன்னும் பின்னும் 70 மில்லிவிநாடிக்குள் இயந்திரம் குறித்திருந்தால் சரி என்பதே ஆய்வுலகில் வழக்கமான அளவு. நிமிடத்துக்கு 120 தட்டுகள் ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிவிநாடி. அதை நான்காகப் பிரித்தால் 125. எழுபது என்பது அந்தச் சிறு பிரிவில் பாதிக்கும் மேல்! இங்குள்ள மாணவர்களில் யாராவது மிருதங்கத்தில் அவ்வளவு தள்ளி ஒரு 'நம்' போட்டால் ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார். தட்டு எங்கே என்று தோராயமாக அறிய அந்த அளவு போதும். பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் போதாது. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய மென்பொருள் பாட்டின் பக்கத்தில் உட்கார்ந்ததும் இடறுவதற்கு ஒரு காரணம் இது.

காலப்பிரமாணத்திலும் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 70 தட்டா, 140 தட்டா என்று இயந்திரம் அடிக்கடி குழம்பும். இரண்டுமே பாட்டில் இருப்பதால் அதைப் பெரிய பிழை என்று ஆய்வாளர்கள் கருதுவதில்லை. இரட்டித்தோ பாதியாக்கியோ சொன்னாலும் மதிப்பெண் தரும் அளவைகளே உண்டு. ஆனால் இரண்டு களையில் அமர்ந்து ஊர்ந்து வரும் ஒரு கீர்த்தனையின்மேல் 140க்கு ஹை-ஹாட் சலங்கையாய்க் கொட்டினால் அந்தப் பாட்டின் நிதானம் என்னாவது?

நம் இசைக்கு வந்தால் மையமான இடம் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். மேற்கத்தியப் பாட்டில் பழகிய மென்பொருளுக்கு, பாட்டு அழுத்தமாகத் தொடங்கும் இடமும் தாளம் தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்று. நமக்கு அப்படியில்லை. அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உண்டு, முக்கால் இடம் உண்டு, தேசாதியில் ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் தியாகராஜர் கீர்த்தனைகள் பல உண்டு. தாளம் முதலில் விழுகிறது, ஒரு வெற்றிடத்துக்குப் பிறகு சொல் விழுகிறது. பாட்டின் முறுக்கே அந்த இடைவெளியில் இருக்கிறது. இயந்திரம் சொல் விழும் இடத்தைச் சமம், அதாவது தாளத்தின் தொடக்கம், என்று எடுத்துக்கொண்டு அங்கே பேஸ் டிரம்மைப் போட்டால், எல்லாத் தட்டும் வேகத்தில் சரியாக இருக்கும், பாட்டு செத்திருக்கும். நடந்தது என்ன என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஏதோ சப்பென்று இருக்கிறது என்பார். மாணவர்கள் தங்கள் கணினியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம், மென்பொருள் இலவசம்.

மேட்மாமின் வழக்கமான அமைப்பு ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 3 அல்லது 4 தட்டு என்று மட்டுமே தேடும். கேட்டால் வேறு எண்ணும் கொடுக்கலாம், ஆனால் கேட்க வேண்டும் என்று பயன்படுத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிஸ்ர சாபின் ஏழையும் கண்ட சாபின் ஐந்தையும் அது நாலுக்குள் நசுக்கப் பார்க்கும்.

இந்தக் குறை விருத்தத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். தாளமே இல்லாத ஒரு விருத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். பல மென்பொருள்கள் அதிலும் ஏதோ ஒரு தட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். தேடச் சொன்னால் தேடித்தானே தீர வேண்டும். பாடகர் விருத்தம் பாடும்போது மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாரே, அந்தக் கேட்டலும் வாசிப்பின் பகுதி. விருத்தம் முடிந்து பாட்டு எடுக்கும் கணத்தில் அவர் சேரும் விதத்தில் இதுவரை கேட்டதெல்லாம் இருக்கும். பேசாமல் இருக்க இயந்திரத்துக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இதற்கெல்லாம் வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா நடத்திய 'காம்ப்மியூசிக்' ஆய்வுத் திட்டத்தில் கர்நாடக இசைக்கு ஒரு பகுதி இருந்தது. சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் அதில் பங்கேற்றது. பார்சிலோனாவில் அஜய் ஸ்ரீனிவாசமூர்த்தி தம் முனைவர் பட்ட ஆய்வை 2016இல் முடித்தார். ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய நான்கு தாளங்களில் 176 பதிவுகளை, மொத்தம் 16.6 மணி நேரத்தை, சமமும் தட்டும் குறித்துத் தொகுத்தார்கள். அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்த முடிவு எளிமையானது. தாளம் எது என்று மனிதர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், தொடக்கத்தில் சிறிது குறிப்புக் கொடுத்துவிட்டால், இயந்திரம் பாட்டைப் பின்தொடரும் திறன் வெகுவாகக் கூடுகிறது. நம் கச்சேரியில் நடப்பதும் இதுவே. பாடகர் தொடையில் தாளம் போட்டுக் காட்டுகிறார், பக்கவாத்தியக்காரர் கண்ணால் பார்த்துக்கொள்கிறார். இயந்திரம் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் எதற்கு? முதல் ஆவர்த்தனத்தைப் பாடகர் கையால் தட்டிக் காட்டட்டும், பிறகு அது தொடரட்டும். இத்தனை பெரிய கணிப்பு வலையமைப்புகளைவிட இந்தச் சிறு மரியாதை நல்ல இசைக்கு அருகில் இருக்கிறது.

தட்டைக் கண்டுபிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் என்ன வாசிப்பது? இதற்கு நான் எடுத்துக்காட்டும் வேலை 2019இல் கூகிளின் மெஜென்டா குழு வெளியிட்டது. ஜான் கில்லிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் ரோலண்ட் மின்னணு டிரம் செட்டில் டிரம்மர்களை வாசிக்கவைத்து 13.6 மணி நேரத்தைத் தொகுத்தார்கள். வாசித்தவர்கள் 10 பேர், கோப்புகள் 1,150, பார்கள் 22,000க்கும் மேல். அதைக் கொண்டு பழகிய 'குரூவே' என்ற வலையமைப்பு, ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்து ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்வி கேட்கிறது. அடி உண்டா இல்லையா, எவ்வளவு பலமாக, சரியான இடத்திலிருந்து எவ்வளவு முந்தி அல்லது பிந்தி. மூன்றாவது கேள்வியை ஓர் இயந்திரத்துக்குள் வைத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். விரலால் மேசையில் தட்டிய எளிய வரிசையைக் கொடுத்தால், முழு டிரம் செட் வாசிப்பாக, மனிதக் கையின் தளர்வோடு அது விரித்துத் தருகிறது. கேட்க உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பத்து டிரம்மர்கள் எதைக் கேட்டு வாசித்தார்கள்? மெட்ரோனோமை. அவர்கள் முன்னால் பாடகர் இல்லை, பாட்டும் இல்லை. பெரும்பாலும் நாலுக்கு நாலு. ஆகவே அந்த வலையமைப்பு நல்ல டிரம்மரின் கை எப்படிக் கிளிக்கைச் சுற்றி ஆடுகிறது என்று கற்றிருக்கிறது. ஒரு பாட்டுக்கு எப்படி வாசிப்பது என்று கற்கவில்லை, கற்க அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. இது அந்த ஆய்வாளர்களின் குறையல்ல; அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை வேறு. ஆனால் இதையே 'பாட்டோடு பொருத்தும் செயற்கை நுண்ணறிவு' என்று யாராவது நம்மிடம் விற்க வந்தால், எதைக் கேட்டுப் பழகியது என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

பாட்டுக்கு வாசிப்பது என்றால் என்ன என்பதற்குப் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் ஒலிப்பதிவுகளைத் தவிர வேறு பாடநூல் வேண்டாம். அடிக்காத இடங்களைக் கேளுங்கள். சாகித்யம் நெருக்கமாக வரும்போது அவர் விரலைத் தளர்த்துவார். சொல் கார்வையில் நீளும்போது அந்த நீளத்தை நிரப்பாமல் அதன் விளிம்பில் ஒரு 'தொம்' வைப்பார். சங்கதி மாறுவதற்கு முன்பே அது வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், பாட்டு அவருக்குப் பாடம். தமிழ்ப் பாட்டில் இதற்குக் கூடுதல் தேவை உண்டு. நம் மொழியில் வல்லின எழுத்து இரட்டிக்கும் இடத்தில் தானாகவே ஓர் அடி இருக்கிறது. அங்கேயே ஸ்நேர் டிரம்மும் விழுந்தால் சொல் மூழ்கிவிடும். நெடில் நீளும் இடத்தில் தாளம் நடந்தால் சொல்லுக்கு மெருகு. எந்தத் தாளக்கட்டு ஒரு பாட்டுக்குப் பொருந்தும் என்பதை வேகத்தையும் பாணியையும் மட்டும் வைத்துத் தேர்ந்துவிட முடியாது. சொற்கட்டைக் கேட்க வேண்டும்.

அப்படியானால் வலையமைப்புக்குத் தாளத்தைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. பாட்டையும் அதற்கு வாசிக்கப்பட்ட தாளத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தக் குரலுக்கு இந்தக் கை என்று ஜோடியாகப் பழக வேண்டும். இதற்கு இப்போது ஒரு குறுக்கு வழி கிடைத்திருக்கிறது. 2019இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பிளீட்டர்', ஃபேஸ்புக் ஆய்வகத்திலிருந்து வந்த 'டெமக்ஸ்' போன்ற மென்பொருள்கள் வெளியான எந்தப் பாட்டையும் குரல், டிரம், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துவிடும். குரல் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம், ஜோடி தயார். நம் பாட்டில் இது தடுமாறும். இந்த நான்கு பெட்டியும் மேற்கத்திய பாப் பாட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. மிருதங்கத்தின் தொப்பி பேஸ் பக்கம் ஒதுங்குவதையும், வலந்தலை 'மற்றவை'யில் கலந்துவிடுவதையும் காதாலேயே கேட்கலாம்.

தொழில்நுட்பம் நாளை சரியாகிவிடும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தக் கை யாருடையது?

'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற பாட்டைப் பதிவுசெய்தது. நடுவில் டிரம்மர் கிரிகரி கோல்மேன் தனியாக 4 பார் வாசிக்கிறார், ஏறத்தாழ 7 விநாடி. சாம்பிளர் கருவிகள் வந்தபின் அந்த ஏழு விநாடியை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் பிறந்தன. இங்கிலாந்தில் ஜங்கிள் என்றும் டிரம் அண்ட் பேஸ் என்றும் வழங்கும் இசைவகைகளே அதன்மேல்தான் எழுந்தன. கோல்மேனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் அட்லாண்டா நகரில் வீடின்றி, வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் தாமாகத் திரட்டிய 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. கோல்மேன் அதைப் பார்க்க உயிரோடில்லை.

ஒரு வெட்டுத் துண்டையாவது காதால் அடையாளம் காணலாம். இது அவர் கை என்று சொல்லலாம். வலையமைப்புக்குள் போய்க் கரைந்த கையை யார் அடையாளம் காண்பது? திரைப்பாட்டுக்கு நாள் கூலிக்கு வாசித்த தபலாக்காரர், டோலக்குக்காரர், தவில்காரர், பறைக்கலைஞர் பலருடைய பெயர்கள் இசைத்தட்டின் உறையில்கூட இல்லை. அவர்களுடைய வாசிப்பைப் பிரித்தெடுத்து ஓர் இயந்திரத்தைப் பழக்கி, அந்த இயந்திரத்தை அவர்களுடைய பிள்ளைகளின் இடத்தில் உட்கார வைப்பது அநியாயம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சம்மதமும் கூலியும் பெயரும் இல்லாமல் எடுத்த வாசிப்பில் பழகிய எதையும் இந்தத் துறை தொடக்கூடாது.

அப்படியென்றால் நமக்கென்று வேறு தரவு வேண்டும். அது மலையைப் பெயர்க்கும் வேலை இல்லை. மெஜென்டா குழுவின் தொகுப்பு 13.6 மணி நேரம், கர்நாடக இசைத் தொகுப்பு 16.6 மணி நேரம் என்று சொன்னேன். இரண்டுமே ஒரு கல்லூரியால் எட்டக்கூடிய அளவு. அந்த எண்களை நான் சொன்னதே இதற்காகத்தான்.

என் முன்மொழிவு இது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பாடகர், ஒரு தாளவாத்தியக்காரர். இருவருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு; ஒலி கலக்கக் கூடாது, ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய வேண்டும். கிளிக் எந்தக் காதிலும் ஒலிக்கக் கூடாது. காலப்பிரமாணம் நகர்ந்தால் நகரட்டும், அந்த நகர்வுதான் நமக்கு வேண்டிய தரவு. ஒரே பாட்டை வெவ்வேறு வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். ஒரே வாசிப்பவர் வெவ்வேறு பாடகர்களுக்கு வாசிக்கட்டும். பாடகர் மாறினால் கை எப்படி மாறுகிறது என்பதை அப்போதுதான் வலையமைப்பு பார்க்கும். சம எடுப்பு, அரை இடம், முக்கால், ஒன்றரை எல்லாம் வேண்டும். விருத்தத்திலிருந்து பாட்டுக்குள் நுழைவது கட்டாயம் வேண்டும். கர்நாடக இசையோடு நிறுத்தவும் கூடாது. பறையோடு தெம்மாங்கு, உருமியோடு சாமிப்பாட்டு, ஆக்டோபேடோடு மெல்லிசை, இவற்றையும் சேர்க்க வேண்டும். ரிதம் பேட் கலைஞரின் காத்திருப்பை இதுவரை யாரும் தரவாகப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

தாளம் குறிக்கும் வேலையை மாணவர்களே செய்யலாம். ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இருவரும் வேறுபடும் இடத்தில் சராசரி எடுக்காமல் இரண்டையும் அப்படியே வைக்க வேண்டும். நல்ல காதுகள் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் பாட்டில் ஏதோ நடக்கிறது. இதில் உழைக்கும் மாணவருக்கு லயம் எவ்வளவு படியும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு கோப்பிலும் வாசித்தவர் பெயர் இருக்க வேண்டும். ஆய்வுக்கும் பாடத்துக்கும் தொகுப்பு திறந்திருக்கட்டும். வணிகத்துக்கு எடுப்பவர் மறுபடியும் வாசித்தவரிடம் கேட்டு, மறுபடியும் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சட்டத் துறை நண்பர்கள் இதே வளாகத்தில் இருக்கிறார்கள். வாசகத்தை அவர்கள் எழுதித் தரலாம்.

அறக்கட்டளையின் ஆண்டு வருவாயில் ஒரு பங்கை வாசிப்பவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்குமாறு அதை நிறுவி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒலிவாங்கியும் கணினியும் துறையில் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் பதிவு மிஸ்ர சாபில், ஒரு விருத்தத்தோடு தொடங்கும் தமிழ்ப் பாட்டாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். பாடகரையும் மிருதங்கக்காரரையும் துறைத் தலைவர் தேர்ந்துகொள்ளலாம்.